துருத்தி

ஆர்கனுக்குப் பின்னே அபலோனியா மிதிக்கிறாள்.
பீடம் தெரியாது. நூலில் தொங்கும் ஈயக்குண்டு மட்டும்:
அது ஏறினால் காற்று தீர்கிறது.

பெரிய வியாழன். வெளியே லித்துவேனியச் சேறு, பாதி பனி.
உள்ளே குளோரியா; மணிகளுக்கெல்லாம் பித்துப் பிடித்து
அப்புறம் ஒரேயடியாக வாயடைப்பு.
சனி இரவு வரை ஸிக்மாஸ் கட்டைகளைத் தொடமாட்டார்.

பதினொரு வருடமாக இந்த நிமிடத்தில்
பின்படி இறங்கி, மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவாள்.
இன்று பூட்ஸ் கயிற்றில் முடிச்சு.

நகத்தால் நெருடிக்கொண்டிருக்கையில்
இலத்தீன் சங்கீதம் மேலேறி வருகிறது,
முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லாமல், சுருதி கொஞ்சம் தாழ்ந்து.
பாதி வரியில் நிற்கிறது.
நாற்பது பேர் சேர்ந்து மூச்சிழுக்கும் சத்தம்.

திரும்பிக் குண்டைப் பார்க்கிறாள்.
உச்சியில், அசையாமல்.

முடிச்சு அவிழ்ந்து வெகுநேரம் ஆகியும்
ஒரு கால் பூட்ஸுக்குள்,
ஒரு கால் வெளியே.