குறுக்குக்கட்டை

எங்கள் அணி பிறந்தது ஒரு கூலித் தகராறில்.
எழுபத்துமூன்றில் புதுவயல் அரிசி ஆலை
பதினேழு நாள் பூட்டிக் கிடந்தது.
மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தூக்க ஒன்றுமில்லை.
உதைத்தார்கள்.

எனக்கு ஒன்பது வயது.
முள்ளுக்குள் போன பந்தைப் பொறுக்கிப் போடுகிறவன்.
அந்த வேலையிலிருந்து இன்றுவரை
யாரும் எனக்குப் பதவி உயர்வு தரவில்லை.

கோடு போட உமிச்சாம்பல்.
காற்றடித்தால் பெனால்டி எல்லை
கண்டனூர்ப் பக்கம் நகர்ந்துவிடும்.
ஆனால் கோல் கம்பம்!
எட்டுப் பங்காளிகள் அதிசயமாய் ஒத்துப்போய்
ஒரு வீட்டை இடித்த வருஷம் அது.
விறகு விலைக்குக் கிடைத்தது மூன்று பர்மாத் தேக்கு.
ஆட்டத்துக்கு முன் எண்ணெய் போட்டுத் துடைப்பான்
எங்கள் கோலி சவரிமுத்து.
பந்து பிடிப்பதுதான் அவனுக்கு அவ்வளவாக வராது.

முதல் ஆட்டம், தேவகோட்டையிடம் ஏழு பூஜ்யம்.
அடுத்தது அறந்தாங்கியிடம் ஆறு.
'ஒண்ணு கொறஞ்சிருக்குல்ல' என்றார்
அடைக்கலம் மேஸ்திரி.

எண்பத்துநான்கு இறுதியாட்டம்.
அபுதாகிர் தலையால் போட்டான் ஒரு கோல்.
மூக்கில் பட்டுப் போனது என்பார்கள் தேவகோட்டைக்காரர்கள்.
மூக்கும் தலையில்தானே இருக்கிறது.
கடைசி நிமிஷம் அவர்களுக்குப் பெனால்டி.
சவரிமுத்து இடப்பக்கம் பாய்ந்தான்,
பந்து நேராக வந்தது,
குறுக்குக்கட்டையில் பட்டுத் திரும்பியது.
மூட்டைக் கொக்கியை எடுத்து வந்து
பட்ட இடத்தில் ஓங்கி ஒரு கொத்துக் கொத்தினான்.
எங்களிடம் இருந்த கோப்பை அந்தத் தழும்பு.
நிஜக் கோப்பை போட்டியை நடத்தியவர் வீட்டிலேயே தங்கிவிட்டது.

பிறகு எனக்கு மின்வாரியத்தில் கணக்கெடுக்கும் வேலை.
முன்பக்கம் யூனிட், பின்பக்கம் ஸ்கோர்.
கல்யாணத்தன்று சாயங்காலம் அரையிறுதி.
மாலையைக் கழற்ற மறந்து போய் நின்றேன்.
விசாலம் அதை இன்னும் மன்னிக்கவில்லை.
அன்றைக்குத் தோற்றதையும்.

தொண்ணூறுகளில்
பாதி அணி சிங்கப்பூர், மீதி துபாய்.
நடுக்களத்தில் மிஞ்சிய நாச்சாந்துபட்டிப் பையன்
பாஸ் போட ஆளில்லாமல்
அவனும் பாஸ்போர்ட் எடுத்தான்.

அப்போதுதான் காரைக்குடியிலிருந்து
பழம்பொருள் வியாபாரி ஒருவர் வந்தார்.
ஆட்டத்தைப் பார்க்கவில்லை,
கம்பத்தை நகத்தால் கீறிப் பார்த்தார்.
அவர் சொன்ன விலை
முப்பது வருஷம் துண்டேந்தி வசூலித்ததைவிட அதிகம்.
கூட்டம் போட்டார்கள். பதினோரு கை உயர்ந்தது.
எதிர்த்து ஒரு கை, என்னுடையது.
ரசிகனுக்கு ஓட்டில்லை என்றார்கள்.
அந்தப் பணத்தில் பூட்ஸ் வந்தது, பனியன் வந்தது,
மதுரை போய் முதல் சுற்றிலேயே தோற்க
வேன் வாடகையும் வந்தது.

ஓய்வுபெற நாலு மாசம் இருக்கையில்
கானாடுகாத்தானில் ஒரு ஓட்டலுக்கு மீட்டர் பார்க்கப் போனேன்.
வரவேற்பு மேசைக்கு மேலே, மெழுகு பூசி,
குறுக்குக்கட்டை.
ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு
மேலாளர் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தார்.
இருநூறு வருஷத்து வாள்வெட்டாம்.
அவர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.
நான் திருத்தப் போகவில்லை.
எல்லோரும் நகர்ந்த பிறகு
எட்டி, விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டினேன்.
அதே சத்தம்.
4,310 யூனிட். அட்டையில் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது நிற்பது இரும்புக் குழாய்.
பட்டால் பாத்திரக்கடை மாதிரி ஒலிக்கிறது.
ஆலையில் மூட்டை தூக்குவது ஒடிசாக்காரர்கள்,
ஆகவே அணியும் அவர்கள்தான்.
கோலி பெயர் பீதாம்பர். இவன் பிடிக்கிறான்.
போன ஞாயிறு பள்ளத்தூரிடம் மூன்று பூஜ்யம்;
அவன் இல்லையென்றால் பத்து.
பந்து கருவேல முள்ளுக்குள் போனதும்
என்னைப் பார்த்து ஏதோ கத்தினான்.
பாஷை தெரியாது, விஷயம் தெரியும்.
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு
உள்ளே குனிந்தேன்.