ஒண்டிக்கடை நிறுத்தம்

ஆறு வருடமாக எனக்கு ஒரு வரி வராது.
கோவிலில் எல்லோரோடும் சேர்ந்துதான் தொடங்குவேன்,
அன்றாட உணவு வரை வண்டி சீராகப் போகும்.
அடுத்தது அந்தத் திருப்பம்.
பொறுப்பது என்கிற இடத்தில்
நாக்கு நியூட்ரலுக்குப் போய்விடும்.
சபை கடந்து போகட்டும் என்று ஒதுங்கி நின்று
ஆமெனில் ஏறிக்கொள்வேன்.

சவரியப்பன் சொன்னது இரண்டே சொல்:
"வாசனை வந்தது."
ஒன்பதாம் வளைவில் பேருந்து சுவரேறி நின்றதற்குத்
தேய்ந்த லைனிங்தான் காரணம் என்று அவருக்குத் தெரியும்.
மாற்றாமலே வண்டியை அனுப்பிய பதிவேட்டில்
கையெழுத்து அவருடையது.
விசாரணையில் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னார்,
மார்கழிப் பனிக்குக்கூட ஒரு மடக்கு இறங்காத
என் வாயைப் பற்றி.
யாரும் சாகவில்லை. பலாப்பழம் நாலு உருண்டது.
எனக்குப் பதினோரு மாதம் சஸ்பெண்ட்.
மகளின் நர்சிங் சீட்டு அந்த மாதங்களுக்குள் போனது.

அதே கோவில், அதே ஏழு மணிப் பூசை.
சமாதானம் சொல்லும் நேரத்தில்
நான் தூணுக்குக் கும்பிடு போடுவேன்.
அந்தத் தூணோடு இன்றுவரை எனக்கு
ஒரு மனஸ்தாபமும் இல்லை.

பிலோமினா ஒருநாள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
"அந்த ஆளுக்கு மூணு வேளையும்
நம்ம வீட்டுலதான் சாப்பாடு.
நீங்கதான் தெனமும் கூட்டிட்டு வர்றீங்க."
எழுந்து கை கழுவினேன்.

இப்போது ஓய்வுபெற்று, சிறுநீரகமும் ஓய்ந்து,
செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸுக்கு
முதல் பேருந்தில் சேலம் இறங்குகிறார்.
ஒண்டிக்கடையில் மஞ்சள் பையோடு நிற்பார்.
மூன்று முறை நிறுத்தாமல் வந்திருக்கிறேன்.
கண்ணாடியில் அந்தப் பை சிறுத்துச் சிறுத்துப் போவது
இனித்தது, பொய் சொல்லமாட்டேன்,
இரண்டு கொண்டை ஊசி தாண்டும் வரை இனித்தது.
மூன்றாவதில் வாயெல்லாம் கசந்தது,
சிக்கரி மட்டும் போட்ட காபி மாதிரி.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது.
லைனிங் காய்ந்து, புகைந்து,
நிஜமாகத் தேவைப்படும் இடத்தில் பிடிக்காது.
கியரைக் குறைத்து எஞ்சினிடம் விட்டுவிட வேண்டும்.
இது எனக்குத் தெரியும்,
மலையில் மட்டும்.

அன்று தவக்காலத்து வெள்ளி.
சில்வர் ஓக் உச்சியெல்லாம் வெயில்.
நிறுத்தத்தில் பை இருந்தது, அவர் இல்லை.
எந்தக் கால் மிதித்தது என்று கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது, வண்டி நின்றது.
கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான்.
நகரவில்லை.
டீக்கடைக்குப் பின்னாலிருந்து வந்தார்,
சுவரைப் பிடித்துப் பிடித்து, வாயைத் துடைத்தபடி.
நாலு நிமிடம்.

ஏறும்போது என்னைப் பார்த்துவிட்டுப்
படியில் எதையோ தேடினார்.
என் பின் சீட்டில்தான் இடம் இருந்தது.
கண்ணாடியில் அவருடைய இடக்கை,
ஊசி ஏறி ஏறிக் கயிறாய் முறுக்கிய நரம்பு.

ஆண்டவரே, இவரை எனக்குப் பிடிக்கவில்லை என்றேன்
உதட்டுக்குள்.
பிடிக்காமலே விட்டுவிடுகிறேன், போதுமா?
பதில் வரவில்லை. ஒரு லாரி வந்தது.
வழி விட்டேன்.
அப்புறம் அந்த வரி வந்தது,
இரண்டாம் கியர் விழுவதுபோல் கரகரத்து,
பதினான்காவதில் பாதி,
ஒன்பதாவதில் மீதி.
ஒட்டுப்போட்ட சுவர் அங்கே
இன்னும் வேறு நிறமாகத்தான் இருக்கிறது.

சேலத்தில் எல்லோரும் இறங்கிய பின் இறங்கினார்.
"வாசனையே வரலை" என்றார்.
பிரேக்கைச் சொன்னாரா,
அந்த விசாரணைக்கு இப்போது பதில் சொன்னாரா,
நான் கேட்கவில்லை.
மஞ்சள் பை ஆஸ்பத்திரிப் பக்கம் போனது.

நாலு நிமிஷம் லேட், ஏன் என்றான்
புது டைம்கீப்பர்.
பனி என்றேன்.
அவன் ஜன்னலில் சேர்வராயன் உச்சி வரை
ஒரு மேகத் துணுக்கு இல்லை.
எழுதிக்கொண்டான்.