பதினோரு பகாவ்

விதி எளிது.
எல்லாருக்கும் ஒரே படம்.
நான் கைப்பேசியில் எடுத்தது,
ஒன்றுமே நடக்காத ஒரு புதன்கிழமை, காலை ஏழே கால்.
யாரும் எப்படியும் திருத்தலாம்.
வெட்டலாம், வெளுக்கலாம், ஒட்டலாம்.
வெல்பவருக்கு சலீம் கடையில்
ஒரு மாதம் தே தாரிக் இலவசம்.
சலீமிடம் இன்னும் சொல்லவில்லை.

படத்தில் இருப்பது:
பகாவுக்குள் நுழையும் வளைவு,
பஸ் நிறுத்தத் தகரத்தில் போன தேர்தலின் பாதி மீசை,
குலை ஏற்றிய லாரியின் பின்பக்கம்,
ஒரு நாய்,
நீளக் கோலில் அரிவாள் கட்டிப் பிடித்து
முகம் திருப்பி நிற்கும் வங்காளதேச இளைஞன்.
பின்னால் செம்பனை. அதற்குப் பின்னாலும் செம்பனை.
வானம் என்று சொல்ல வேண்டிய இடத்தில்
கழுவாத ஈயப் பாத்திரம்.

போட்டோஸ்டாட் கடையை ஏழு மணிக்குச் சாத்திவிட்டு
அடையாள அட்டைப் படம் வெட்டும் மேசையில் உட்கார்ந்தேன்.
நடுவர் என்றால் கண்ணாடியைத் துடைக்க வேண்டும்.
துடைத்தேன்.

துர்கேஸ்வரி புகைமூட்டத்தை மார்கழிப் பனியாக்கியிருந்தாள்.
பள்ளிக்கூடம் மூடிய மாதம் அது.
படத்தில் குளிர்கிறது.
ஒன்பது போட்டேன்.
பிறகு இருமல் வந்தது. எட்டரையாக்கினேன்.

லோகபாலன் லாரியைப் புத்தம் புதிதாக்கிவிட்டான்.
துருவில்லை, நசுங்கலில்லை,
பின்பலகையில் அவன் மகள் பெயர்.
இன்னும் இருபத்தாறு தவணை கட்ட வேண்டிய லாரி.
ஆசைக்குப் பத்து. ஒளிக்கு நான்கு.

சியூ லிங் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கி
நாயை மட்டும் மஞ்சளாக விட்டிருந்தாள்.
அசல் நாய் கறுப்பு.

ஹஃபிஸுல் செம்பனைக்கு நடுவே
கடலைக் கொண்டுவந்துவிட்டான்.
அலை பஸ் நிறுத்தப் படி வரை.
போர்ட் டிக்சன் போவோம் போவோம் என்று
மூன்று வருடமாகச் சொல்கிறான்.

அஞ்சலக ஞானப்பிரகாசம்
மீசையின் மறுபாதியை வரைந்து முடித்திருந்தார்.
எந்தக் கட்சி என்று தெரிந்துவிட்டது.
நீக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன்.

மூன்று பேர் கோலை அழித்திருந்தார்கள்.
குறுக்கே கம்பிபோல் ஓடிக் கண்ணை உறுத்துகிறதாம்.
சுத்தமான வேலை.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்,
ஒட்டுத் தெரியவில்லை.
அவன் விரல்கள் மட்டும் இன்னும்
எதையோ பிடித்தபடி.
இல்லாத ஒன்றை
அவ்வளவு இறுக்கமாய்ப் பிடித்திருக்கும் கையை
எந்தக் கட்டத்தில் எழுதுவது?
என் தாளில் மூன்றே கட்டம்:
நிறம், நுட்பம், கற்பனை.

அன்பழகி ஆளையே எடுத்துவிட்டாள்.
நிறுத்தம் காலி.
நாய் தலையைத் தூக்கி
அவன் முகம் இருந்த உயரத்தைப் பார்க்கிறது.
இதை மூடிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

பத்தாவது என் கணவர்.
ஒரு மாற்றமும் இல்லை, இடது ஓரம் மட்டும் கொஞ்சம் வெட்டு.
'இயற்கையே அழகு' என்று கீழே எழுத்து.
வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

ஆனால் ஏன் இடது ஓரம்?

மறுபடி முதலிலிருந்து புரட்டினேன்.
பனி, கடல், மீசை, மஞ்சள் நாய்,
பத்துப் பேரும் அதே மூலையை வெட்டியிருக்கிறார்கள்.
அசலைத் திறந்தேன்.
மேல் மூலையில் மங்கலாய், சிவப்பாய்
என் ஆள்காட்டி விரல்.
பத்துப் பேரும் பார்த்திருக்கிறார்கள்.
ஒருவரும் சொல்லவில்லை.

பதினொன்றாவது யுகேந்திரன், ஆறாம் ஆண்டு,
அக்காவின் கைப்பேசியில் செய்தது.
வெட்டவில்லை.
விரலைச் சுற்றி மெல்ல வெளிச்சம் ஏற்றி,
அதன் சிவப்பைத் தகரத்தில் கொஞ்சம், லாரியில் கொஞ்சம்,
கோலின் அரிவாள் நுனியில் ஒரு பொட்டு,
நாயின் முதுகில் ஒரு கோடு என்று
இறக்கியிருக்கிறான்.
பகாவில் பொழுது விடிகிறது.

இரவு பதினொன்றரைக்கு அவன் குரல் வந்தது:
"அக்கா, சூரியன் ரொம்பக் கிட்ட வந்துடுச்சா?"
ரொம்பக் கிட்ட, ஐயா. தூங்கு.

காலையில் சலீமிடம் விஷயத்தைச் சொன்னேன்.
பன்னிரண்டு வயசுப் பையனுக்கு ஒரு மாதம் தேத்தண்ணியா,
மைலோ போடுகிறேன் என்றார்.
விரலை மடக்கிக்கொண்டு
சரி என்றேன்.