வெறுங்காற்றைக் கேட்டல்

வெள்ளவத்தைப் பாலத்தடி தொடங்கிக்
கிருலப்பனை தாண்டும்வரை
கால்வாயோரம் இருபத்துமூன்று பெட்டிகள்.
சவர்க்காரக் கட்டி அளவு.
ஒரு பற்றரி, ஒரு அன்ரெனா,
நீர் ஏறுகிறதா என்று பார்க்கும் ஒரு கண்.
பற்றரி இரண்டு வருடம் நிற்குமென்று
ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தது நான்.
ஐந்தாம் மாதமே செத்தன.

முதலில் பேச்சைத்தான் சந்தேகித்தேன்.
செய்தியைச் சுருக்கினேன்.
திகதியை எடுத்தேன், அலகை எடுத்தேன்.
மிஞ்சியது ஓர் எண்,
உப்பில்லாக் கஞ்சி மாதிரி.
அப்படியும் செத்தன.

ஓரிரவு முழுக்க மீற்றரோடு உட்கார்ந்தேன்.
உயிர் போனது பேச்சில் அல்ல.
யாராவது கூப்பிடுவார்களோ என்று
காதைத் திறந்துவைத்து
ஒருவரும் பேசாத காற்றைக்
கேட்டுக் கேட்டே தீர்ந்திருக்கின்றன.

மேசையில் என் போன் கிடந்தது,
சத்தத்தை முழுதாகக் கூட்டியபடி.
இங்கே விடிந்து இரண்டரை மணி கழித்துத்தான்
தோஹாவில் விடியும்.
அதை எழுத நான் வரவில்லை.

தூங்கச் சொன்னேன் எல்லாவற்றையும்.
கால்மணிக்கு ஒருதரம்
ஒரே நொடியில் விழிக்க வேண்டும்,
கண்சிமிட்டும் நேரம் கேட்டுவிட்டு
மறுபடி தூங்க வேண்டும்.
நீர் இரண்டு சென்ரிமீற்றர் மாறாவிட்டால்
வாயே திறக்கக்கூடாது.

ருஷ்தி தலையைச் சொறிந்தான்.
"சும்மா இரிக்கிறதுக்கும் மௌத்தானதுக்கும்
என்ன மிஸ் வித்தியாசம்?"
அதற்காக ஒன்று சேர்த்தேன்:
நண்பகலில், நாளுக்கு ஒருமுறை,
ஒரேயொரு எழுத்து.
இருக்கிறேன் என்று பொருள்.

ஐப்பசியில் ஒரு பின்னேரம்
நுகேகொடைப் பக்கம் வானம் கொட்டியது.
காலி வீதியில் தூறல்கூட இல்லை.
பன்னிரண்டாம் பெட்டியிலிருந்து மேலே
எல்லாம் கத்தின: இருபது, முப்பத்தைந்து, ஐம்பது.
பதினொன்றிலிருந்து கீழே
ஒரு மூச்சில்லை.

"கீழ்ப்பாதி போச்சு மிஸ்" என்றான்.
முச்சக்கரவண்டியில் ஏறிப்
பாமன்கடையில் நெரிசலுக்குள் நிற்கும்போதுதான்
எனக்கு உறைத்தது.
எங்கள் கோபுரம் நிற்பது பாலத்தடியில்.
மேலே உள்ளவற்றின் கத்தல்
கைமாறிக் கைமாறிக் கீழே உள்ளவற்றின் வழியேதான்
எங்களிடம் வரும்.
செத்தது எப்படிச் சுமக்கும்?
உயிரோடுதான் இருந்தன,
அடுத்தவர் சொல்லைத் தோளில் ஏற்றியபடி.
தமக்கென்று சொல்ல
அவற்றுக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.
அங்கே நீர் ஏறவில்லை.

அப்படியானால் நடுவில் எதுவோ அடைத்திருக்கிறது.

மதகில் ஒரு மெத்தை.
இரட்டைக்கட்டில் மெத்தை, பூப்போட்டது.
பின்னால் சல்வீனியா, போத்தல்கள், ஒரு செருப்பு.
பதினொன்றாம் பெட்டியின் கம்பத்தடியில்
ஒரு கபரகொய்யா
யாரையும் பொருட்படுத்தாமல் கிடந்தது.
மாநகரசபை ஆட்கள் நாலுபேர்
கொக்கி போட்டு இழுத்தார்கள்.
கால்வாய் ஒருமுறை ஏப்பம் விட்டது.

ருஷ்தியின் திரையில்
பதினொன்று சொன்னது: நான்கு.
அடுத்த கால்மணியில் பத்து: ஆறு.
பிறகு ஒன்பது, எட்டு.
இருட்டுக்குள் நீர் கடலுக்கு நடந்துபோவதை
எண்ணெண்ணாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
சேறு காலில் காயும்வரை.

ஒன்றாம் பெட்டியின் பற்றரிதான் முதலில் தீரும்.
எல்லார் சொல்லும் அதன் தலையில்.
அதற்கு இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போனின் சத்தத்தைக் குறைத்தேன்.
தோஹாவுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
பகல் பன்னிரண்டுக்கு ஒரு எழுத்துப் போடு.
எந்த எழுத்தென்றாலும் பரவாயில்லை.