சலவைக் கணக்கு

நீங்கள் தேதி கேட்கிறீர்கள், பத்திரிகைக்காரரே.
எந்த ஆண்டு, எந்தத் தெரு,
முதலில் ஊதியது யார் என்று.
என்னிடம் இருப்பது ஒரு சலவைக் கணக்கு நோட்டு.
அதுவும் பாதி ஈரம்.

திங்கட்கிழமை என் கொல்லைக்கு வந்திருந்தால்
நியூ ஆர்லியன்ஸ் முழுதும்
கொடியில் தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.

சட்டையில் பெயர் தைத்ததில்லை நான்.
இடது தோளில் வார் தேய்த்த தடம்: பாஞ்சோக்காரன்.
வலது முழங்கையில் கிழிசல்: டிராம்போன் ஒனெசீம்,
குழலை நீட்டினால் பக்கத்துத் தெருவுக்குப் போகும் அவன் கை.
மடியில் சொட்டிச் சொட்டி மஞ்சள் பூத்திருந்தால்
கிளாரினெட் அல்சீட்.
கழுத்துப் பொத்தான் தெறித்துப் போயிருந்தால்
அது வால்சின்.
கார்னெட்டை அவன் வாயில் வைத்த பிறகு
என் நூல் எம்மாத்திரம்!

சாவு ஊர்வலம் முடிந்த மறுநாள்
எல்லாச் சட்டையும் ஒரே மாதிரி வரும்.
விளிம்பில் கல்லறைச் சேறு,
கைமடிப்பில் போகும்போது துடைத்த கண்ணீர்,
அக்குளில் திரும்பும்போது ஆடிய வியர்வை.
எல்லாவற்றுக்கும் ஒரே சோப்புதான் போட்டேன்.

'நேற்று ராத்திரி வெளுத்து வாங்கிட்டான் வால்சின்' என்று
தெருவே பேசும்.
வாங்கியது அவன், ஐயா.
வெளுத்தது நான்.

ஒரு கோடையில் என் தகரத் தேய்ப்புப் பலகை காணாமல் போனது.
அதே வாரம் தையற்காரி செலஸ்டினின்
விரல்கவசங்கள் எட்டும் போயின.
மூலைக் கடை வாசலில் பையன்கள்
எட்டு விரலிலும் கவசம் மாட்டி
என் பலகையைப் பறட்டிக்கொண்டிருந்தார்கள்.
காதைத் திருகத்தான் போனேன்.
இரண்டு பாட்டு முடியும்வரை நின்றுவிட்டேன்.
இதையும் எழுதிக்கொள்ளுங்கள், தேதி நினைவில்லை.

பிறகு மருந்துக்கடைக்கு முதல் இசைத்தட்டு வந்தது.
தட்டில் எங்கள் தெருவின் சத்தம்.
விளம்பரத் தாளில் வெள்ளை முகங்கள்.
முப்பது வருஷம் வெளுத்திருக்கிறேன்,
நீலம் போட்டு, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து.
அத்தனை வெளுப்பை
எந்தத் துணியிலும் நான் கொண்டுவந்ததில்லை.

போர் வந்தது. கடற்படை சொன்னதென்று
விளக்குத் தெருவை மூடினார்கள்.
வேலை போனவர்கள் ஒவ்வொருவராக ரயிலேறினார்கள்.
கொடியில் இடைவெளி விழுந்தது, பல் போன வாய்போல.
வால்சின் மூன்று சட்டையை வாங்கிக்கொண்டு
'காசு சிகாகோ போய் அனுப்புகிறேன்' என்றான்.
நாற்பத்தைந்து சென்ட்.

ஆறு வருஷம் கழித்து ஒரு பொட்டலம்.
பிரித்தால் காசில்லை, ஒரு தட்டு.
எங்கள் தெருவில் கிராமபோன் இருந்தது
சவப்பெட்டிக்கார தியோஜீன் வீட்டில் மட்டும்.
மூடாத இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று கேட்டேன்.

கார்னெட் கிடக்கட்டும், ஐயா.
அதன் அடியில் கேளுங்கள்.
ஒன்றில் தூக்கி, இரண்டில் விழுகிறது.
மூன்றில் தூக்கி, நான்கில் விழுகிறது.
சட்டை காயும்வரை பனியனோடு
என் பின்படியில் உட்கார்ந்திருப்பான்,
காலால் எதையோ தட்டிக்கொண்டு.
இப்போதல்லவா தெரிகிறது எதை என்று.
'திருடன்!' என்று கத்திவிட்டேன்.
தியோஜீன் பணப்பெட்டியைத் தடவிப் பார்த்தார்.
'அங்கில்லை. என் இஸ்திரிப் பெட்டி,
இதோ இந்தத் தட்டுக்குள்ளே' என்றேன்.

பாரிஸில் இதற்கு ஆடுகிறார்களாம், ஷாங்காயிலும்.
ஆடட்டும்.
அவர்கள் சட்டையும் திங்கட்கிழமை
யாரோ ஒருத்தியிடம்தானே போகும்.

உங்கள் நோட்டில் இப்படிப் போடுங்கள்:
வால்சின், சட்டை மூன்று,
நாற்பத்தைந்து சென்ட், இன்னும் வரவில்லை.
வட்டி வேண்டாம்.

அட, தூறல் விழுகிறது.
பென்சிலைப் பையில் வையுங்கள்.
அந்த விரிப்பின் முனையைப் பிடியுங்கள்.
அப்படியல்ல,
நான் உதறியபின் நீங்கள்.