சரிந்த கண்கள்

கொயைக்கே கடையில்
ஆறு அடாப்டர்களை மேசையில் பரப்பி
இரண்டை மட்டும் எடுத்தாள் ஒத்திலியா.
மீதியெல்லாம் வெறும் பாரமாம்.

அர்ஜென்டினாவுக்குள் நுழைந்ததும்
சுவர்களின் முகம் மாறிவிட்டது.
அங்கே ஒரே வரியில் மூன்று துளை;
இங்கே அழப்போகிறவன்போல்
சரிந்த இரு கண்கள், கீழே ஒரு வாய்.

பதினொரு சதவீதம். எதிர்க்காற்று.

கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில்
இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கி
இடம் விட்டார் எவரிஸ்தோ.
"பத்து ஆம்பியர்தான், அதற்குமேல் கேட்காதீர்கள்."

இரண்டில் மலிவானதுதான் பொருந்தியது.
நான் அடம்பிடித்து வாங்கவைத்த
சிவப்பு ஐந்துமுள்
பைக்குள் தூங்குகிறது.

இரவெல்லாம் மணிக்கொருமுறை எழுந்துபோய்
அடாப்டரின்மேல் புறங்கை வைத்துப் பார்த்தாள்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றிபோல.

விடிந்தபோது நாற்பத்தொன்று.
வாசலில் ஆடுகள்,
கம்பளியோடு,
எங்களையே பார்த்தபடி.