தேதி போட்ட தாள்

குறும்பனையில் மாலை வகுப்பு முடிந்து
பாய் சுருட்டும்போது அனிஷ்மா சொன்னாள்:
"நான் இனி சார் பைக்குல ஏற மாட்டேன்."
அவ்வளவுதான்.

துருவிக் கேட்கவில்லை.
சொன்னதைச் சொன்னபடி எழுதி
தேதி போட்டேன், நேரமும்.

"புயலுக்குப் பொறவு
வீடு வீடா அரிசி சுமந்த பயலாக்கும்.
திருவிழா முடியட்டும்" என்றார்
கமிட்டித் தலைவர் ததேயுஸ்.

அந்த அரிசி
எங்கள் அடுப்பிலும் வெந்தது.

அன்றிரவே பத்து-ஒன்பது-எட்டுக்கு அழைத்து
எழுதியதை வாசித்தேன்.
அவர்கள் சொன்ன பிறகு
அவனிடமிருந்து சாவியை வாங்கினேன்.
குற்றவாளி என்று நான் சொல்லவில்லை.
விசாரணை முடியும்வரை
இந்த வாசல் உனக்கில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு பூசையில்
சமாதானம் சொல்ல யாரும் கை நீட்டவில்லை.

திங்களன்று அனிஷ்மா வந்தாள்,
வாசலில் நின்ற என் ஸ்கூட்டரை
விலகிச் சுற்றிக்கொண்டு.